பச்சை மாவு

விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம், பலகாரம் பொரிக்கும் எண்ணெய்த் தொட்டிகளைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவோம். பகல் முழுக்க ஆட்களைத் தலைகீழாகச் சுழற்றிக் கத்தவைக்கும் ராட்டினங்கள் அந்நேரம் பேச்சுமூச்சில்லாமல் நிற்கும். எங்களுக்குத்தான் ஓய்வு கிடையாது. காரச் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, அடியில் கறுத்துப் பிடித்திருக்கும் பிசுக்கைச் சுரண்ட வேண்டும். கையுறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் விரல் நுனி வெந்து வெளுத்துவிடும். புதுக் கையுறை கேட்டால், "போன மாசம்தானே குடுத்தேன்" என்பார் மேனேஜர்.

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். கடிகாரம் மணி அடித்தால்கூட அதை அடிக்கச் சொன்னது யார் என்று கேட்பவள் நான் என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அந்தப் புதன்கிழமை என் சந்தேகம் முழுவதும், பொரிக்கிற மாவைக் கலக்கும் மாவுக்காரர் மேல் இருந்தது.

கேளிக்கைப் பூங்காவுக்குள் இருக்கும் எங்கள் உணவகத்தில் தாவர உணவுக்கென்று தனிக் கவுண்ட்டர் உண்டு. பாலில்லை, முட்டையில்லை, இறைச்சியில்லை, தனி எண்ணெய், தனி ஆள் என்று பெரிய பலகை தொங்கும். அதற்கான இடுக்கியின் பிடி பச்சை, மாவு டப்பாவின் மூடி பச்சை; மீன் மாவுக்குச் சிவப்பு மூடி. அதனால் எங்கள் சமையலறையில் பச்சை என்றால் அந்தக் கவுண்ட்டர்தான். இரண்டு மாதம் முன்பு மேனேஜர் பச்சைத் தொட்டியை அணைத்து, எல்லாவற்றையும் மீன் பொரிக்கும் எண்ணெயிலேயே போடச் சொன்னார். பச்சை மாவு கலக்கும் பெண்ணையும் வேண்டாமென்று அனுப்பிவிட்டார். பலகையை மட்டும் கழற்றவில்லை. அது பொய்ப் பலகை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் நெருக்கியடித்தது. பச்சை டப்பா காலி. தொட்டியருகே நின்று பொரித்துக்கொண்டிருந்த அக்கா ஜன்னல் வழியாக, "சார், பச்சை தீர்ந்துபோச்சு. கவுண்ட்டரைக் கொஞ்சம் மூடட்டுமா?" என்று கேட்டாள்.

"மூடாதே! அதோ பச்சை மாவு இருக்குல்ல, அதைப் போடு" என்று மேனேஜர் கை காட்டினார்.

அங்கே மூடியில்லாத ஒரு வாளி இருந்தது. அவர் சொன்னது அப்போதுதான் கலந்த, வேகாத மாவை. அக்காவின் காதில் விழுந்தது பச்சைக் கவுண்ட்டர் மாவு. வாளியில் இருந்ததோ, மீனுக்கென்று முட்டை அடித்து ஊற்றிக் கலந்தது. கால்மணி நேரத்தில், முட்டை சேராத ஒரு பெண்ணுக்குத் தொண்டை வீங்கி மூச்சு திணறியது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு திரும்பினாள் என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை அக்காவின் கைக்கு மேனேஜரிடமிருந்து ஒரு தாள் வந்தது. 'யாரும் சொல்லாமல் நானாகவே கவனக்குறைவாக வேறு மாவைப் பயன்படுத்தினேன்.' புதன் காலை ஒன்பது மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை போகும், வழக்கும் வரும். ஆளைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அதற்குப்பின் எந்தச் சமையலறை அவளைச் சேர்க்கும்?

அதே திங்கட்கிழமை மேனேஜர் மாவுக்காரரை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. விலை போய்விட்டார் என்று முடிவு கட்டினேன்.

புதன் விடியலில் தொட்டியருகே அவரை மடக்கினேன்.

"உள்ளே என்னண்ணே பேசினீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை நீட்டினார். அக்காவுக்கு எதிரான சாட்சித் தாள். கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

"போட்டா நான் கேட்ட லீவு கிடைக்குமாம். போடலம்மா."

"அப்புறம் ஏன் எங்க மூஞ்சியப் பாக்கல?"

"வாளிய மூடாம வச்சது நான்தானே. சிவப்பு மூடி போட்டிருந்தா அவ தொட்டிருக்கவே மாட்டா." அவர் தாளைத் திரும்ப மடித்தார். "நீ மேனேஜர் ஆளுன்னு வேற சொன்னாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் ஊரையே சந்தேகப்பட, ஊர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறது! மேனேஜர் சொன்னது என் காதிலும்தான் விழுந்தது. அக்கா தன்னந்தனியாகத் தவிக்க, மூன்று நாள் நானும் ஊமையாக இருந்தேனே.

ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்தார்.

"என்னம்மா, கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடல சார்" என்றாள் அக்கா.

"ஏன், எழுதத் தெரியாதா?"

"படிக்கவும் தெரியும் சார். அதான் போடல."

மாவுக்காரர் முன்னால் வந்தார். "வாளிய மூடாதது என் தப்பு. அதை எழுதிக் கையெழுத்துப் போடுறேன். பச்சை மாவைப் போடுன்னு சொன்னது யாருன்னும் அதுலயே எழுதுவேன்."

"யோவ், நான் சொன்ன பச்சை வேற!"

"அப்போ சொன்னது நீங்கதான்!" என்றேன் நான். "யாரும் சொல்லாமன்னு தாள்ல எழுதியிருக்கீங்களே சார்?"

மேனேஜர் முகம் சிவந்தது.

அக்கா நிதானமாகப் பேசினாள். "நிறுத்தின பொண்ணைத் திரும்பக் கூப்பிடுங்க. பச்சைத் தொட்டியப் பத்த வைங்க. அதுவரைக்கும் அந்தப் பலகை கீழ இறங்கணும். இன்னொருத்தர் உயிரோட விளையாட எங்களால முடியாது."

"அப்படின்னா எல்லாரும் வெளியே போகலாம். வாசல்ல ஆளுக்கா பஞ்சம்?"

பின்கதவு கிறீச்சிட்டது. பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளக் கரடி வேஷம் போடுகிறவர், கரடித் தலையை அக்குளில் இடுக்கியபடி நின்றார். அவருக்குப் பின்னால் ராட்டினம் ஓட்டுகிறவர், டிக்கெட் கிழிக்கும் பெண்.

"உனக்கு இங்க என்னடா வேலை?"

"எனக்கும் முட்டை சேராது சார். ரெண்டு வருஷமா மத்தியானச் சாப்பாடு பச்சைக் கவுண்ட்டர்லதான். அந்தப் பலகைய நம்பி."

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டு இவர் கைக்குப் போயிருந்தால்? அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போய் வேலையப் பாருங்க. வாசல் திறக்கப் போகுது" என்றார் மேனேஜர்.

"திறக்கட்டும் சார்" என்று வேஷக்காரர் கரடித் தலையை மேசைமேல் வைத்தார்.

பழக்கதோஷம், இவர் யார் அனுப்பிய ஆளோ என்று ஒரு நொடி யோசித்தேன். வேலையை நிறுத்திச் சுவரோரம் நின்ற எங்கள் வரிசைக்கு அவர் வந்ததும் அந்த உடையின் வேர்வை நாற்றம் குப்பென்று அடித்தது. என் கையின் சோடா நாற்றத்துக்கு அது சற்றும் இளைத்ததல்ல.

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டபடி வெளியேறினார். முதலாளி என்ன சொல்வாரோ தெரியாது. சாயங்காலம் எங்களில் எத்தனை பேருக்கு வேலை மிஞ்சும் என்பதும் தெரியாது. மாவுக்காரரும் ராட்டினக்காரரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு பலகையைக் கழற்றப் போனார்கள். கரடி உடம்பு பெரியது, சுவரோரம் இடம் போதவில்லை. நான் அக்காவை ஒட்டி நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.