மூழ்க மறுத்த நீர்மூழ்கி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நாளைக் காலை என் பல்செட் என் வாயில் பொருந்தாமல் போகட்டும். இதற்குமேல் சத்தியம் செய்ய என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

எங்கள் தெரு லிப்ட்காரர் முப்பத்தோரு வருடம் லிப்ட் பழுது பார்த்தவர். கடலை நேரில் கண்டதில்லை. கண்டதெல்லாம் இருட்டுக் குழிகளும் அவற்றில் மாட்டிக்கொண்ட மனிதர்களும்தான். ஓய்வு பெற்றதும் பின்னறையில் நீர்மூழ்கிக் கப்பல் கட்ட உட்கார்ந்தார். முழங்கை நீளம். ஒரு பக்கத்தை வெட்டியெடுத்து, அங்கே தெளிவான பிளாஸ்டிக் தாளைக் காற்றுப் போகாமல் ஒட்டியிருந்தார். உள்ளே அடுக்குக் கட்டில்கள், குழாய்கள், சமையல்காரர் கையில் அரை அரிசி அளவுக் கரண்டி, கட்டிலில் திரும்பிப் படுத்திருக்கும் ஒருவரின் கிழிந்த காலுறை. மீன்தொட்டியில் சலித்த மணலும் பிளாஸ்டரும் பரப்பிக் கடலடி அமைத்தார். கப்பல் அதில் தரைதட்டிக் கிடக்க வேண்டும். மேலே ரெசின் என்ற தெளிவான பிசினை ஊற்றினால் இறுகிக் கண்ணாடிக் கடலாகிவிடும். நாலு வருட வேலை.

கடலை ஊற்ற அவருக்குக் கிடைத்த நாள், மகன் லாரியோடு வந்து அவரையும் அவர் மனைவியையும் தன் வீட்டுக்கு அழைத்துப்போகும் நாள். அங்கே ஒதுக்கியிருந்த அறையை அவர் ஏற்கெனவே டேப் வைத்து அளந்திருந்தார். ஸ்ட்ரெச்சர் ஏற்றும் ஆஸ்பத்திரி லிப்ட் அதைவிட நாலு விரல்கடை பெரியது. அதில் வெளியே வர ஒரு பொத்தானும் உண்டு. "அங்க வந்து நிம்மதியா சும்மா உக்காந்திருங்கப்பா" என்று மகன் சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

ஊற்றி முடித்ததும் கப்பல் லேசாக அசைந்தது. பிறகு மணலை உதறிக்கொண்டு எழுந்தது. காற்றுப் போகாமல் ஒட்டியவர், வயிற்றில் ஈயக்குண்டு வைக்க மறந்துபோனார். மூழ்கமாட்டேன் என்று அடம்பிடித்த நீர்மூழ்கி உலகத்திலேயே அது ஒன்றுதான். அவர் கையை விட்டு அமுக்கினார். மணிக்கட்டுவரை கடல். பத்து மணிக்கு மகன் உள்ளே வந்தபோது, கை மாட்டிக்கொண்டது, இனி வராது என்று அறிவித்தார்.

"இழுங்கப்பா."

"இழுத்தா தோல் இங்கேயே தங்கிடும். நான் மட்டும்தான் வருவேன்."

மகன் தொட்டியருகே குனிந்தான்.

"தொடாத. உனக்கும் ஒட்டிக்கும். அப்புறம் உன் பொண்டாட்டி நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத் தூசி தட்டணும்."

செய்தி தெருமுனை தாண்டியது. இரும்புக்கடைக்காரர் ரம்பத்தோடு வந்து, தொட்டியையா கையையா என்று மரியாதையாகக் கேட்டார். பல் டாக்டர் ஒருவர், கடலுக்கு வேர்சிகிச்சை செய்யலாம் என்றார். பதினோரு மணிக்கு வாசலில் நாற்பது பேர். பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களிடம் கப்பலில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள்.

"இன்னிக்கே வீட்டுச் சாவியக் குடுத்தாகணும்பா" என்றான் மகன்.

"கையில்லாம எப்படிடா குடுக்கறது?"

லாரி டிரைவர் இதையெல்லாம் நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இதுல என்ன சார் இருக்கு? பிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவுல ஐயாவ உக்கார வெச்சுட்டாப் போச்சு. தொட்டி மடியில இருக்கட்டும். பதறாதீங்க ஐயா, நாங்க இருக்கோம்."

முப்பத்தோரு வருடம் இதே 'பதறாதீங்க'வைக் கதவுக்கு வெளியே நின்று லிப்ட்காரர் சொல்லியிருக்கிறார். உள்ளேயிருந்து கேட்டால் எப்படியிருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கினார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். இரண்டில் எது கனம் குறைவு என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

முன்சீட்டில் உட்காரச் சொன்ன மகனிடம், "உங்கப்பாவுக்கு மூக்கு அரிச்சா யார் சொறியறது?" என்று கேட்டுவிட்டு அவர் மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டாள். பெட்டி லாரியின் பின்கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும்.

முதல் வேகத்தடையில் லாரி குதித்தது. அவள் புறங்கையில் ஏதோ தெறித்தது. அதை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாள், முகர்ந்தாள். அவர் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க."

"எதுக்கு?"

"அந்த ரூம்ல எனக்கு மட்டும் என்ன வேலை?"

கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் சட்டைப்பையில் போட்டாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் கடலுக்குள் விட்டாள்.

"பிடிக்கணுமா, அமுக்கணுமா?"

"அமுக்கு. மேல வரக் கூடாது."

அந்த ரெசின் இறுக இருபத்துநாலு மணி நேரம் ஆகும் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறது. மகன் வீட்டுக்கு நாற்பது நிமிடம்தான்.