மூத்தவள் குணமானாள்

கண்ணாடிக் கடைக்காரிக்கு வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் டயாலிசிஸ். மற்ற நாட்களில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டி, “தெரியுதா, இப்ப தெரியுதா?” என்று ஓயாமல் பேசுகிறவள், அந்த நாட்களில் கையில் இரண்டு ஊசியோடு கட்டிலில் கட்டிப்போட்ட மாதிரி படுத்திருப்பாள். பக்கத்துக் கட்டிலில் லாரிக்காரர். வயசு அறுபதைத் தாண்டியவர், ஆள் நல்ல உயரம். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும். “இன்ஜின்ல ஒரு குறையும் இல்லம்மா, ஃபில்டர்தான் அடைச்சுக்கிச்சு” என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வார். அவள் அவரை அண்ணே என்பாள். அவருக்கு அவள் கண்ணாடியம்மா.

அந்த அறையில் எல்லோரையும் சேர்த்து வைத்தது சுவரில் இருந்த டிவியும் அதில் ஏழு மணிக்கு வரும் சீரியலும்தான். ஒரு குடும்பம், ஒரு அச்சகம், மூன்று மருமகள்கள். அதில் மூத்தவளுக்காகத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அழமாட்டாள். யாருக்கும் வால் பிடிக்கமாட்டாள். மாமனார் கடன் வாங்கினால் மாமனாரையே நிற்கவைத்துக் கேட்பாள். தெரியாததைத் தெரியாது என்பாள். லாரிக்காரர் வீட்டிலும் அவர் மனைவி அதே நேரத்தில் அதையே பார்ப்பாள். அவர் திரும்பியதும் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடுவார்களாம். “எனக்கும் அவளுக்கும் பேச வேற என்ன இருக்கு? கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, ஊர்வம்பு பேசலாம்னா ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது, ரோட்டைத்தான் தெரியும்” என்பார்.

ஒருநாள் டைட்டிலில் கதை எழுதுகிறவர் பெயர் மாறியிருந்தது. பழைய ஆள் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாராம். முதல் வாரம் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒருவர் கதவைத் திறந்தாலே இடி இடித்தது. இரண்டாவது மருமகளுக்கு ஞாபகம் போயிற்று. செத்துப்போன மாமியாரின் தங்கை மாமியார் முகத்தோடு வந்து இறங்கினாள். அச்சகத்தில் ஒரு காகிதம்கூட அச்சடிக்கவில்லை.

“ஆத்துல கரைச்ச புளி மாதிரி ஆயிடுச்சேம்மா” என்றார் லாரிக்காரர்.

“இருங்கண்ணே, புது ஆளு. கை படியணும்ல” என்றாள் அவள். அவளுக்கும் நம்பிக்கையில்லை. இத்தனை வருஷம் பார்த்துவிட்டு விடவும் மனசில்லை.

அப்புறம்தான் மூத்தவள் அச்சகத்தில் மயங்கி விழுந்தாள். சீரியல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, “ரெண்டு கிட்னியும்...” என்றார்.  டயாலிசிஸ் அறையில் கடைசிக் கட்டில்காரர் ஊசியில்லாத கையால் தொடையைத் தட்டிக் கைதட்டினார். நர்ஸ் சிரித்துவிட்டாள். தங்கள் வியாதி டிவியில் வந்துவிட்டது, அதுவும் மூத்தவளுக்கே வந்துவிட்டது என்று அவர்களுக்குச் சொந்தக்காரி ஒருத்தி கூட வந்து படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

சந்தோஷம் நிலைக்கவில்லை. மூத்தவளுக்குக் கையில் ஊசி இல்லை, மூக்கில் குழாய். உதட்டில் சாயம். புருஷன் ஜக்கில் பழச்சாறு கொண்டுவந்து, “குடிம்மா, உடம்பு தேறும்” என்றான். அவள் மடக்மடக்கென்று குடித்தாள். உடம்பில் நீர் கோத்துவிடும் என்று எண்ணி எண்ணித் தண்ணீர் குடிக்கிறவர்கள் வாயடைத்துப் பார்த்தார்கள்.

“அடப்பாவி, கொன்னுடுவான் போலிருக்கே!” என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். லாரிக்காரர் சிரிக்கவில்லை. அவர் அந்த ஜக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மூத்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து நடுராத்திரி ஓடி, காட்டுக்குள் ஒரு தாடிக்காரரின் குடிசையில் விழுந்தாள். அவர் ஏதோ இலைகளை அரைத்துச் சாறு கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் அவள் குணமானாள். அந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். மூத்தவள் நேராக நம்மைப் பார்த்து, “மெஷினை நம்பினேன், படுத்தேன். மண்ணை நம்பினேன், எழுந்தேன்” என்றாள்.

“எந்தக் காலத்துல இவ இப்படி வசனம் பேசினா?” என்று கண்ணாடிக் கடைக்காரி எரிந்து விழுந்தாள்.

லாரிக்காரர் மெதுவாக, “இலையைக் காட்டினான், என்ன இலைன்னு சொல்லலையே” என்றார்.

“அண்ணே, கதைண்ணே அது.”

“கதைதான். எனக்குத் தெரியாதா?”

அதற்கு அடுத்த முறை அவருடைய கட்டில் காலியாக இருந்தது. ஏதாவது விசேஷமாக இருக்கும் என்று நினைத்தார்கள். அடுத்த முறையும் வரவில்லை. நர்ஸ் போன் செய்தாள், எடுத்து உடனே வைத்துவிட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரி தன் போனில் அடித்தாள். அவர் மனைவி எடுத்தாள்.

“நல்லா இருக்காரும்மா. ஒருத்தர் சாறு தர்றார். ரெண்டு நாளா சிரிச்ச முகமா இருக்காரு.”

“அண்ணி, அது விஷத்துக்குச் சமம். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க.”

“நான் சொன்னா கேக்கிற ஆளா?” என்று அவள் குரல் இறங்கியது. “எனக்கும் ஒரு ஆசைதாம்மா.”

கண்ணாடிக் கடைக்காரி சேனலுக்குப் போன் அடித்தாள். பாட்டுப் போட்டு வெகுநேரம் காக்கவைத்தபின் ஒரு பெண் பேசினாள். நடந்ததையெல்லாம் சொல்லி, அது தப்பு என்று ஒரு வரியாவது திரையில் போடச்சொன்னாள். “உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம் மேடம். அந்த வார எபிசோடுக்கு ரொம்ப நல்ல வரவேற்பு” என்றாள் அந்தப் பெண். எழுதுகிறவரிடம் பேச முடியுமா என்று கேட்டாள். “அவர் யாருன்னு எங்களுக்கே தெரியாது மேடம், நாங்க வேற ஊர்ல இருக்கோம்.” அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? எய்தவன் இருக்க அம்பை நோகக்கூடாது என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் கடையைப் புருஷன் பொறுப்பில் விட்டுவிட்டு அவர் வீட்டைத் தேடிப் போனாள். லாரிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. ஆனால் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா கண்ணாடியம்மா. என்ன, மெஷின் என்னைத் தேடுதா?”

“விளையாடாதீங்கண்ணே. கிளம்புங்க. வண்டி வாசல்ல நிக்குது.”

“நாளைக்குப் பார்ப்போம்.”

“டிவியில ஒருத்தன் புத்தியில்லாம எழுதினதுக்கு நீங்க உயிரை விடுவீங்களா?”

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “அவன் எழுதினதை நான் நம்பலம்மா. அவளைத்தான் நம்பறேன். இத்தனை வருஷத்துல அவ ஒரு பொய் சொல்லி நீ பாத்திருக்கியா? அவளே எழுந்து நடந்தப்புறம், நான் மறுபடி போய் அந்தக் கட்டில்ல படுக்கணும்னா காலு வரமாட்டேங்குது.”

அவளிடம் பதில் இருந்தது. மூத்தவள் பழைய மூத்தவள் இல்லை. வாயும் முகமும்தான் அவளுடையவை, பேசுவது வேறு ஆள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாள்கூட. அவர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், எழுந்திருக்கவில்லை. மனைவியிடம் திரும்பினாள். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த உயரமான ஆளைப் பெண்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டா போக முடியும்? ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டாள். வரமாட்டேன் என்கிறவரைக் கட்டி இழுத்துவர முடியாது என்றார்கள்.

அடுத்த நாள் காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. போகிற வழியிலேயே எல்லாம் முடிந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறி இதயம் நின்றுவிட்டது, அந்தச் சாறே போதும் என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் கண்ணாடிக் கடைக்காரிக்கு டயாலிசிஸ் நாள். போயே ஆகவேண்டும், துக்கம் என்று லீவு போட முடியாத வேலை அது.  யாரும் டிவியைப் போடச் சொல்லவில்லை.

சில நாள் கழித்துத் துக்கம் விசாரிக்கப் போனாள். லாரிக்காரர் மனைவி தனியாக இருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். “நான்தாம்மா அந்தச் சாறை வடிகட்டிக் குடுத்தேன்” என்றாள். கண்ணாடிக் கடைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்ல அவள் யார்?

ஏழு மணியானதும் அந்த அம்மாள் பழக்கத்தில் எழுந்து டிவியைப் போட்டாள். போட்டபின்தான் என்ன செய்தோம் என்று உறைத்தது போலிருக்கிறது. கை அந்தரத்தில் நின்றது. அணைக்கவும் இல்லை.

மூத்தவள் நகை போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள். யாரோ யாரையோ அறைந்தார்கள். மூன்று முறை காட்டினார்கள். இரண்டு பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

“இவ முன்னெல்லாம் இப்படி இல்ல” என்றாள் அந்த அம்மாள்.

“இல்ல அண்ணி.”

விளம்பரம் வந்தது. அதையும் பார்த்தார்கள்.