எட்டாத பிரேக்

காவல் நிலையத்து மரப்பெஞ்சில் ஓட்டுநர் காலை ஆறரை மணியிலிருந்து காத்திருந்தார். கால்கள் தரையைத் தொடவில்லை. ஆள் அவ்வளவு குள்ளம்.

பக்கத்தில் முதலாளி. அவருடைய தம்பி விடிந்தும் விடியாமலும் குடிபோதையில் கம்பெனிக் காரை ஓட்டிப்போய், தெரு கூட்டிக்கொண்டிருந்த பெண்ணை இடித்துவிட்டான். அவளுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. வண்டியை அங்கேயே விட்டு ஓடிவிட்டான்; இடித்தவனைப் பார்த்தவர் யாருமில்லை. இப்போது அந்த நெட்டையன் வெளியே அண்ணன் காரில் சாய்ந்து, புதினா மிட்டாயாக மென்று தள்ளிக்கொண்டிருந்தான்.

"நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு. நீ குடிக்கல, சின்ன கேஸோட போயிடும். அவன் மாட்டினா ஜெயிலுதான்," என்றார் முதலாளி, காதோரம்.

"என் லைசென்ஸ் போயிடுமே சார்?"

"போனா என்ன? வீட்ல உக்காந்து சம்பளம் வாங்கு."

இருபத்திரண்டு வருஷமாக ஒரு புகார்கூட இல்லாத லைசென்ஸ். குடும்பத்துக்குச் சோறு போடுவதே அதுதான். முதலாளி சொன்னதற்கெல்லாம் ஆடிப் பழகிய தலை இன்றைக்கு முரண்டு பிடித்தது.

உதவி ஆய்வாளர் அம்மா பேனாவை எடுத்தார். "வண்டிய ஓட்டினது நீங்கதானா?"

"வண்டிகிட்ட வாங்க மேடம். நீங்களே பாருங்க."

முதலாளியின் முகம் சுண்டிப்போனது.

நசுங்கிய கார் வாசலில் நின்றது. கட்டி இழுத்து வந்ததிலிருந்து உள்ளே யாரும் கை வைக்கவில்லை. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடந்தது. அவர் தினமும் போட்டு உட்காரும் இரண்டு குஷன்களும் பின்சீட்டில் வீசப்பட்டுக் கிடந்தன. காலை நீட்டினார். பிரேக்குக்கு ஒரு சாண் குறைந்தது. எக்கினார், இன்னும் எக்கினார். தலை ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விட்டது.

"இப்படி ஓட்டினா வானம்தான் மேடம் தெரியும்!" என்று காவலர் ஒருவர் சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை; அண்ணன் காரில் சாய்ந்திருந்த நெட்டையனைக் கண்ணால் அளந்தார். "அங்க நிக்கற தம்பிய கூட்டிட்டு வாங்க. ஊதட்டும்."

தம்பி இரண்டு தரம் ஊதுவதுபோல் பாசாங்கு செய்தான். மூன்றாம் தரம் கருவி வீறிட்டது. அவன் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு அவனை லாக்கப்பில் தள்ளினார்கள்.

"ஆள் மாத்தப் பாத்ததுக்கு உங்க மேலயும் கேஸ் இருக்கு சார். உக்காருங்க," என்றார் அந்த அம்மா. முதலாளி அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நாளைலேர்ந்து வேலைக்கு வராதே!"

"வரலைங்க," என்றார் ஓட்டுநர். சட்டைப்பையில் லைசென்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படியிறங்கினார். மனசு நிறைந்திருந்தது.

நேரே விபத்து நடந்த தெருவுக்குப் போனார். அடிபட்டவளின் ஜோடிக்காரி தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"இடிச்சவன் உள்ள போயிட்டான்மா."

"நெசமாவா அண்ணே? காசுக்காரன் வண்டியாச்சே!"

"கண்ணால பாத்துட்டு வர்றேன்."

அவள் விரலை மடக்கி வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். தெருக்கோடிவரை நாலைந்து துடைப்பங்கள் மேலே எழுந்தன. ஆளுக்கொரு கூச்சல். ஓட்டுநரும் வெட்கத்தை விட்டுக் கத்தினார்.

துப்புரவு மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கி வருகைப் பதிவேட்டைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் கிடப்பவளின் பெயருக்கு நேரே 'லீவு' என்று எழுதிவிட்டு, அவள் விட்ட இடத்திலிருந்து கூட்டச் சொல்லி ஜோடிக்காரிக்குக் கையைக் காட்டினார்.