மெக்கானிக் கொடுத்த மெஷின்

சலவைக் கடை நஷ்டத்தில் ஓடுவதாகக் கணக்கு மென்பொருள் காட்டியது. தம்பி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ‘கடை விற்பனைக்கு’ என்று அட்டையே எழுதிவிட்டான். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வர்ற துணியை வெளுக்கவே கை போதலை. நஷ்டம் எங்கேருந்துடா வரும்?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செலவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ரிப்பேர் செலவில் ஒரு தொகை மட்டும் யானை மாதிரி நின்றது. அதைச் சொடுக்கி, அதன் பதிவைப் பார்த்தாள். பற்று, ரிப்பேர் செலவு. வரவு, வங்கி. வங்கியிலிருந்து பணம் போனது, வழக்கமாக ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக்குக்கு.

“டேய், இது அவர்கிட்ட வாங்கின பெரிய மெஷின்டா!”

“அவர் பேரைப் போட்டாலே அதுவா ரிப்பேர்னு எடுத்துக்குதுக்கா. நான் கவனிக்கலை.”

“பல வருஷம் உழைக்கப்போற மெஷினை ஒரே வருஷச் செலவாக்கிட்டு, கடையை விக்கக் கிளம்பிட்டியே!”

அதைச் சொத்துக் கணக்குக்கு மாற்றினாள். அந்த வருஷத் தேய்மானத்தைக் கழித்த பிறகும் லாபம் தலைகாட்டியது. தம்பி அசடு வழிந்தபடி அட்டையைக் கிழிக்கப் போனான்.

“கிழிக்காதே. பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? ‘வேலைக்கு ஆள் தேவை’ன்னு எழுதி வாசல்ல மாட்டு.”