பாதிப்பிடி

அக்டோபர் 9. குழந்தையின் உயரத்தை 131 செ.மீ. என்று எழுதிவிட்டேன். தவறு. செருப்பைக் கழற்றச் சொல்ல மறந்துபோனேன். 129தான்.

டைரியில் அன்றன்றைய பிழையை முதலில் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார் அவள் போகும் மாலை வகுப்பு ஆசிரியை. கூடத்தில் பெரியப்பாவைக் கிடத்தியிருக்கும்போது இதைக்கூட எழுத வேண்டுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. எழுதிவிட்டு அளவு நாடாவைச் சுருட்டினாள்.

பெரியப்பா நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தவர். காலை ஆறரைக்கு ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இன்றைக்குப் பேத்திக்குப் புது மட்டை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தாராம். ஒன்பது வயதுக்காரி அதைச் சொல்லிச் சொல்லியே அழுதாள்.

"நீதான் விளையாட்டுச் சாமான் கடையில இருக்கியே, அளந்தாவது விடேன். கொஞ்சம் அடங்குவா" என்று கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தாள் அக்கா, பெரியப்பாவின் மகள். கண் வீங்கியிருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. "அலமாரியில அப்பா நோட்டு இருக்கு. சைஸை அதுலயே எழுதிடு, பாதிப்பிடி."

பாதிப்பிடி. இருபத்தொரு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர். அவளுக்கு ஒன்பது வயதானபோது பெரியப்பா பெரியவர்களின் 27 அங்குல மட்டையைக் கையில் திணித்தார். "வளர்ற பிள்ளை, போகப் போகச் சரியாயிடும்" என்றார். கனம் தாங்காமல் அவள் கை பிடியின் பாதிக்கு ஏறிவிடும். மைதானமே சிரிக்கும், முதலில் சிரித்தவர் அவர்தான். அடுத்த வருஷம் இறுதி ஆட்டத்தில் அக்காவிடம் தோற்றாள். அன்றைக்கே முழங்கையும் போயிற்று. இன்றும் வலது கை முழுதாக நீளாது. வீட்டில் கிடந்ததை எடுத்துக் கொடுத்திருப்பார், மனுஷனுக்குத் தோன்றியிருக்காது என்று இத்தனை நாளும் தன்னைத் தேற்றிவைத்திருந்தாள்.

உள்ளறையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: உயரம், வேண்டிய மட்டை, கொடுத்த மட்டை. அவளுக்கு மட்டை கொடுத்த வருஷத்துப் பக்கத்தில் அக்காவின் வரி: 130, 25, 25. அதற்குக் கீழே அவளுடையது: 128, 25, 27.

எழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை.

தன் கண்ணையே நம்பாமல், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு கடைசியிலிருந்து முதல் வரை. பின்னிரண்டு எண்களும் ஒத்துப்போகாத வரி அது ஒன்றுதான்.

கூடத்தில், துக்கம் கேட்க வந்த தெருமுனை மருந்துக்கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு பிள்ளைக்காவது தப்பான மட்டை குடுத்திருப்பாரா மனுஷன்? எங்க பையனை அளந்துட்டு, 'இவனுக்குக் கேரம் போர்டு வாங்கிக் குடுங்க'ன்னாரே!"

அழுகைக்கு நடுவே யாரோ சிரித்தார்கள்.

இருபத்தேழு என்று எழுதினால் போதும். கடைக்காரி சொன்னால் யார் மறுபேச்சுப் பேசப் போகிறார்கள்? ஒரே வருஷம். அக்கா தன் மகளின் முழங்கையை மடியில் வைத்துத் தைலம் தேய்ப்பாள்.

பேனாவை எடுத்தாள். 129 என்று எழுதினாள். அடுத்த எண்ணுக்கு 2 போட்டு நிறுத்தினாள்.

"சித்தி, இதை நான் தூக்கிடுவேன், பாருங்க."

குழந்தை மூலையில் இருந்த தாத்தாவின் மட்டையை நீட்டிப் பிடித்தாள். மட்டையின் தலை தாழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உயர்த்தினாள். கை மெல்ல நழுவி, பிடியின் பாதிக்கு ஏறியது.

"கீழ வை" என்றாள் அவள். குரல் அதட்டலாக வந்துவிட்டது. "கீழ வைடி, செல்லம்."

2-க்குப் பக்கத்தில் 5 போட்டாள். அதற்கடுத்தும் 25. இந்த வருஷத்துக்கு வேறு பக்கம் இருந்தது. ஆனால் அவள் எழுதியது பழைய பக்கத்தில், தன் வரிக்கு நேர் கீழே. நோட்டை மூடாமல் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சுவரோரக் கண்ணாடி அலமாரியில் அந்த இறுதி ஆட்டத்தின் கோப்பை பளபளவென்று இருந்தது. அக்காவிடம் இருப்பது அது ஒன்றுதான். யார் வீட்டுக்கு வந்தாலும் எடுத்துக் காட்டுவாள்.

"கடைசி வரி பாப்பாவோடது. அதுக்கு மேல ரெண்டு வரியும் பாரு, அக்கா."

அக்கா பார்த்தாள். கண்கள் கீழிருந்து மேலே போயின, மறுபடி இறங்கின, நடுவில் நின்றன.

"அப்பா தப்பா எழுதியிருப்பாரு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

மருந்துக்கடைக்காரர் பேச்சை நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அலமாரியை.

"எனக்கு என்ன சைஸும்மா?" குழந்தை முந்தானையை இழுத்தது.

"இருபத்தஞ்சு" என்றாள் அக்கா.

நோட்டை அக்காவிடமே விட்டுவிட்டு அவள் உள்ளறைக்குத் திரும்பினாள்.

"பாதி..." என்று பின்னாலிருந்து கூப்பிட்டது அக்காவின் குரல். மீதி வரவில்லை.

அவள் நின்று பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, நீளாத கையை மடியில் வைத்துக்கொண்டு, டைரியை முடித்தாள்.

நாளை: ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் 25 அங்குல மட்டை ஒன்று எடுக்க வேண்டும். கனம் குறைந்ததாக. நாலு மணிக்குப் பெரியப்பாவைத் தூக்குகிறார்கள். அதற்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.