கடைசிப் பெஞ்சின் ஆமென்

அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேறு. ஆயினும் சபையில் எல்லாருக்கும் அவள் நீட்டோலை அக்காள். முற்காலத்தில் நீண்ட ஓலையில் எழுதி அனுப்பிய மடலுக்கு வழங்கிய அச்சொல்லை அவளுக்குச் சூட்டியவர் அவளுடைய கணவரே. காலையில் முழங்காற்படியிட்டால் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியும்வரை எழுந்திராள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் நோயாளிகளுக்கான ஜெபத்தை ஏறெடுப்பவளும் அவளே. அந்த ஜெபம் நோயாளிகளோடு நிற்பதில்லை. பயணம் போனவர், வேலை தேடுபவர், பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருப்பவர் என்று ஊரையே சுற்றி வரும்.

"சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணச் சொன்னா அடுப்புக்கும் சட்டிக்கும் சேர்த்து நன்றி சொல்றா. நான் சூடா சாப்பிட்டுப் பல வருஷம் ஆச்சு" என்று கணவர் வருவோர் போவோரிடமெல்லாம் முறையிடுவார்.

ஆலயத்தில் அவளுக்கு ஒரு தொல்லை இருந்தது. கடைசிப் பெஞ்சில் சுவரோரமாக அமரும் கண்ணாடிக்காரர்தாம் அது. சன்னல்களுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்துவது அவர் தொழில். ஜெபத்தின் நடுவே அவள் மூச்சு வாங்கச் சற்றே நிறுத்தினால் போதும், எல்லாம் முடிந்துவிட்டதுபோல, "ஆமென்!" என்று உரத்த குரலில் சொல்லிவிடுவார். சிறுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "மேலும் ஆண்டவரே" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அவள் கணவர் இறந்துபோனார். வயிற்றில் கட்டி. அவள் சலவைக்கூடத்தில் வேலை செய்த அதே மருத்துவமனையின் மேல்தளத்தில் அவர் கிடந்தார். கீழே துணிகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு, ஈரக் கைகளைத் துடைத்தபடியே மாடிப்படி ஏறி அவரருகே போய் ஜெபிப்பாள். "இந்தப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும்" என்று கேட்டாள். சபையாரும் அவளோடு சேர்ந்து கேட்டார்கள். அவர் எழவில்லை.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, துவைத்து உலர்ந்த மேல்தளத்துப் படுக்கை விரிப்புகள் மடிப்பதற்காகத் தள்ளுவண்டியில் மலைபோல் வந்திறங்கின. எல்லாம் ஒரே வெள்ளை. எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரே நீல முத்திரை. அவற்றுள் எது அவர் கடைசியாகக் கிடந்த விரிப்பு என்று யாரும் சொல்ல இயலாது. அவள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பின்பு மற்றொன்றை எடுத்தாள்.

"அக்கா, உங்க பக்கத்து மூலையைப் பிடிங்க. எவ்வளவு நேரமா நான் இங்க ஒத்தையில நிக்கிறது?" என்றாள் எதிர்ப்பக்கம் நின்ற உடன்பணியாள்.

அவள் மூலையைப் பிடித்தாள். அன்று முதல் ஜெபம் அவளை விட்டுப் போயிற்று. வழக்கம்போல் முழங்காற்படியிடுவாள், "ஆண்டவரே" என்பாள், அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. பால் பொங்குவதற்கு முன்பே எழுந்துவிடுவாள். ஆலயத்துக்குப் போனாள், ஆனால் வாய் திறப்பதில்லை. "போகப் போகச் சரியாகிடும்" என்றார்கள் பெண்கள். அவளுக்கு அந்த நம்பிக்கையும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலையில் போதகர் வீட்டுக்கு வந்தார். அவர் அவளைவிட வயதில் இளையவர். அவருக்குப் பின்னால் கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அக்கா, தம்பியோட வீட்டுக்காரிக்கு மூளையில ரத்தக் கசிவு. நீங்க வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலதான் சேர்த்திருக்காங்க. நாளைக்கு ஜெபம் நீங்க பண்ணணும்னு கேட்டுக்க வந்தோம்" என்றார் போதகர்.

"ஐயா, நான் இப்பல்லாம்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து, "எவ்வளவு நீளமா இருந்தாலும் பரவாயில்லக்கா. நான் நடுவுல வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர்கள் போனபின்பு, கணவருடைய வெற்று நாற்காலியின் எதிரே அமர்ந்து தனக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள்: நாளைக்கு வார்த்தை வந்தால் வரட்டும், வராவிட்டால் இனி ஆலயத்துக்குப் போவதில்லை. கேட்கவும் தெரியாமல், கேட்பவளைப்போல் நடிக்கவும் மனமில்லாமல் எத்தனை நாள் பெஞ்சைத் தேய்ப்பது?

மறுநாள் போதகர் சாடை காட்ட, அவள் எழுந்து முன்னே சென்றாள். சபை தலை வணங்கிற்று. பலிபீடத்தின் முன்னுள்ள மரக்கிராதியைப் பற்றிக்கொண்டு கண்களை மூடினாள்.

"ஆண்டவரே" என்றாள்.

அடுத்து வரவேண்டிய சொற்கள் அவளுக்கு மனப்பாடம். இந்தச் சகோதரியைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும். அதே சொற்கள்; அதே மருத்துவமனை; அதே வெள்ளை விரிப்பு. அவை நாவின் நுனிவரை வந்தன, அதற்குமேல் அசையவில்லை. மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. யாரோ செருமினார். பெஞ்சு ஒன்று முனகிற்று. அவளுடைய கை நடுங்கத் தொடங்கியது. இனி என் காலம் முடிந்தது, திரும்பி நேரே வாசலுக்குப் போய்விடவேண்டியதுதான் என்று அவள் எண்ணிய வேளையில், கடைசிப் பெஞ்சிலிருந்து அந்தக் குரல் எழுந்தது.

"ஆமென்."

ஒரு சிறுமி களுக்கென்று சிரிக்க, அவளுடைய தாய் அதட்டி அடக்கினாள். பிறகு முன்வரிசையில் ஒருவர், நடுவில் ஒருவர், என்று சபை முழுவதும் ஆமென் சொல்லிற்று. அவள் எப்படியோ தன் இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

ஆராதனை முடிந்ததும் முகப்பில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரரை மடக்கினாள். துக்கத்தைவிடக் கோபமே அவளிடம் அப்போது மேலோங்கி நின்றது.

"தூங்கிட்டீங்களா தம்பி?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன? வழக்கம்போல ஜெபம் ஓய்ஞ்சுதுன்னு நெனச்சீங்களா?"

"ஓயலைன்னு தெரியும். என் வீட்டுக்காரியைப் பத்தின பேச்சே இன்னும் வரலையே" என்றவர் செருப்பின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஜெபத்துல கண்ணைத் திறந்து பார்க்கிற ஆள் நான் ஒருத்தன்தானே. உங்க கை நடுங்கினதைப் பார்த்தேன். அங்க உங்களைத் தனியா நிக்க விட மனசு வரல. அதான் சொன்னேன்."

அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை. "உங்க வீட்டுக்காரிக்காக நான் ஒண்ணுமே கேக்கலையே" என்றாள்.

"ஆண்டவரேன்னு கூப்பிட்டீங்களே. வீட்டுல நானும் அதோட நிறுத்திக்கிறேன். மேல என்ன பேசறதுன்னு எனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது? நானே ஆமென் சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவேன்."

"அப்போ இத்தனை வருஷமா நடுவுல நடுவுல ஆமென் போட்டு என் மானத்தை வாங்கினீங்களே, அது?"

கண்ணாடிக்காரர் கழுத்தைச் சொறிந்தார். "அது பசியிலக்கா. உங்க வீட்டுக்கார அண்ணன் வேற திரும்பி எனக்குக் கண்ணைக் காட்டுவாரு. 'சொல்லு, சொன்னாத்தான் அவ நிறுத்துவா'ன்னு. சத்தியமா அண்ணன் சொல்லித்தான். இன்னைக்குப் பசியில சொல்லல."

அவள் முகப்புத் தூணில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பு வந்தது, அது முழுதாக வெளிவருமுன் அழுகையாகத் திரிந்தது. பெஞ்சில் அமர்ந்து பயபக்தியோடு தலை குனிந்திருந்ததாக அவள் நம்பிய கணவர் அத்தனை ஆண்டுகளும் செய்த சூழ்ச்சியை அவள் இன்றுதான் அறிந்தாள். அதைச் சொல்லிச் சண்டையிட அவர் இல்லை.

வீட்டுக்கு வந்து தட்டில் உணவை எடுத்து வைத்தாள். "ஆண்டவரே" என்றாள். வெற்று நாற்காலியை நோக்கினாள். காத்திருந்து பயனில்லை என்று தெரிந்ததும், "ஆமென்" என்று தானே சொல்லிச் சாப்பிடத் தொடங்கினாள். உணவு சூடாகவே இருந்தது. அதனால் அவளுக்கு மறுபடியும் கண்ணீர் வந்தது.

வாரத்தின் நடுவில் ஒருநாள் வேலை முடிந்ததும் மேல்தளத்துக்கு ஏறிப்போனாள். கணவர் இறந்தபின் அவள் அந்தப் படிகளை மிதிப்பது அதுவே முதல் முறை. கண்ணாடிக்காரரின் மனைவி கண் மூடிக் கிடந்தாள், மூக்கில் குழாய். எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தனர். கண்ணாடிக்காரர் முக்காலியை இவளுக்குத் தந்துவிட்டுச் சுவரோரம் நின்றார். அவள் அமரவில்லை, விரிப்பின் நழுவிய ஓரத்தை இழுத்து மெத்தையின் கீழே செருகினாள். கை பழகிய வேலை.

"ஜெபம் பண்றீங்களாக்கா?"

"எனக்கு வரல தம்பி. நீங்க பண்ணுங்க."

"நானா?" என்று அவர் திகைத்தார். அங்குமிங்கும் பார்த்தார். கைகளைக் கட்டிக்கொண்டார், பிறகு அவிழ்த்தார். "ஆண்டவரே... இவளைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லி நிறுத்தினார்.

"ஆமென்" என்றாள் அவள்.

"இருங்கக்கா, நான் இன்னும் முடிக்கல!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அடக்க மாட்டாமல் வந்த சிரிப்பைக் கேட்டு, அப்பக்கம் வந்த செவிலி உதட்டின்மேல் விரலை வைத்து எச்சரித்தாள். படுக்கையில் ஓர் அசைவும் இல்லை. கண்ணாடிக்காரர் மறுபடி கண்களை மூடி, விட்ட இடத்திலிருந்து தட்டுத் தடுமாறி இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னார். இம்முறை அவள் அவர் முடிக்கும்வரை காத்திருந்து ஆமென் சொன்னாள். கணவர் இறந்த நாள் தொட்டு அவள் முழுமனத்தோடு சொன்ன சொல் அது ஒன்றே. ஒருவர் கேட்டதற்கு, ஆம், எனக்கும் அதுவே வேண்டும் என்று சொல்ல மட்டும் அவளிடம் பலம் மிஞ்சியிருந்தது.

சனிக்கிழமை போதகர் தொலைபேசியில் அழைத்தார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"போன வாரம் உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன் அக்கா. நீங்க வராம இருந்துடுவீங்களோன்னு எனக்கு ஒரே கவலை. ஜெபத்துக்கு வேற ஆள் பார்க்கட்டுமா?"

"பாருங்க ஐயா. யார் பண்ணினாலும் சரி."

"அப்போ நீங்க?"

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அதன் முதுகில் அவருடைய சட்டை இன்னும் தொங்கியது.

"நான் வருவேன் ஐயா. கடைசிப் பெஞ்சுல தம்பி பக்கத்துல உக்காந்து ஆமென் சொல்றேன்" என்றாள்.