பூசை போட்ட கார்

இந்திய மோட்டார் வரலாறே உத்திரமேரூரில் புத்துயிர் பெறுவதாக மிராசுதார் வரதன் அழைப்பிதழில் அச்சடித்திருந்தார். அவர் திறக்கும் மோட்டார் மியூசியம் என்பது அவருடைய பழைய நெல் கிடங்கு. உள்ளே ஒரே ஒரு கார்: வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு ஏரிச் சேற்றில் கிடந்த, வெள்ளைக்காரன் காலத்து ரேஸ் கார். எட்டு மாதம் பாடுபட்டு அதை ஓட வைத்தவன் மெக்கானிக் ஏசுதாஸ். திறப்பு விழாவில் ஊர் பார்க்க ஒரு சுற்று ஓட்ட வேண்டும் என்பதே அவன் ஆசை.

பூசணிக்காய் உடைத்ததும் ஏசுதாஸ் காரின் கதவைத் திறந்தான்.

"பூசை போட்ட வண்டிடா. நீ குந்தக் கூடாது," என்றார் வரதன்.

ஏசுதாசுக்கு உச்சி எரிந்தது. "எட்டு மாசமா அதுலதான குந்திக்கினு இருந்தேன்? அப்போ இன்னா பண்ணீங்க?"

"அப்போ அது தகரம். இப்போ மியூசியம்."

"அப்போ நீங்களே ஓட்டுங்க." சாவியை பானெட்மேல் வீசினான்.

வரதன் மாலையோடு ஏறி உட்கார்ந்தார். மேளம் முழங்கியது. கூலியாட்கள் ஆறு பேர் காரைத் தள்ளிக்கொண்டே ஊரைச் சுற்றினார்கள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.